எலி கடித்த அட்டை

மூவாயிரம் பேரு ஒரே நேரத்துல பொய் சொல்ல முடியுமா அண்ணாச்சி? முடியும்னுதான் மூணு மாசமா நான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க, வெயில் மூஞ்சியிலயே அடிக்கு. நீங்க திருநெல்வேலி வரைக்குமா? நல்லதாப் போச்சு, நமக்கு நேரம் கெடக்கு. நான் அதுக்கு முன்னாலயே இறங்கணும். எங்கனன்னு அப்புறம் சொல்லுதேன். உங்ககிட்ட ஒரு சின்ன உதவியும் கேக்கணும். அதையும் அப்புறம் சொல்லுதேன்.

என் பேரு தங்கபெருமாள். கவர்மென்ட் ஸ்கூல்ல பி.டி. வாத்தியார். ஆனா எங்க வட்டாரத்துல வாத்தியார் தங்கபெருமாள்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. ரெஃப்ரி தங்கபெருமாள்னு கேளுங்க, சின்னப் பிள்ளை கூட வீட்டைக் காட்டும். கபடி ரெஃப்ரி. இருவத்திரண்டு வருசமா விசில் ஊதுதேன். அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது சீட்டுல, காதுல வயரை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கால்லா, அதான் எம்மவ. ஆவுடைச்செல்வி. ஜில்லா டீம் கேப்டன். பச்சைக் கலர் பனியன் போட்டிருக்கா பாருங்க. என்ன அண்ணாச்சி அப்படி முழிக்கீங்க? சரி, ஏதோ ஒரு கலர். கொண்டையைப் பாத்துக்கிடுங்க.

கபடியில மூணு அட்டை உண்டு. பச்சையைக் காட்டினா, ஏலேய் வாயை மூடுன்னு எச்சரிக்கை. மஞ்சளைக் காட்டினா ரெண்டு நிமிசம் வெளிய உக்காரு. சிவப்பைக் காட்டினா ஆட்டமே முடிஞ்சுது, போய் பேன்ட்டை மாட்டு. அவ்வளவுதான் விசயம். இதுல மஞ்சள்ல எனக்கு ஒரு தகராறும் கிடையாது. இந்தப் பச்சையும் சிவப்பும் இருக்கே, அது ரெண்டும் எப்படின்னா, அண்ணன் தம்பி ஜாடை. உத்துப் பாத்தா ஏதோ வித்தியாசம் இருக்க மாதிரி இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நான் நினைச்சிட்டேன். அடுத்தவன் கண்ணுக்குள்ள பூந்தா பாக்க முடியும்?

ஆனா எனக்கு ஒரு வசதி இருந்துச்சு. என் சிவப்பு அட்டையில ஒரு மூலையை எலி கடிச்சிருந்துச்சு. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டா, கடிபட்ட மூலை விரல்ல தட்டும். இதான் சிவப்பு. எடுத்து நீட்டிருவேன், பாக்கவே வேண்டாம். கபடிச் சங்கத்துல ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்க புது அட்டை கொடுப்பாங்க. கொண்டாந்து அலமாரியில வச்சா ஒரு வாரத்துக்குள்ள எலி வந்து கடிச்சிரும். மஞ்சளைத் தொடாது. பச்சையைத் தொடாது. சிவப்பை மட்டும்தான், அதுவும் அதே வலது மூலையைத்தான். எங்க வீட்டு எலிக்கு சிவப்புன்னா அம்புட்டு இஷ்டம்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்லிச் சிரிச்சிருக்கேன். சயின்ஸ் வாத்தியார் ஒருத்தரு அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எலி ஸ்கேல் வச்சா சார் கடிக்கும்?"னு கேட்டாரு. அந்தாளு எல்லாத்துலயும் சந்தேகப்படுத ஜாதி. நான் கண்டுக்கிடல.

சித்திரையில கீழப்பாறைக்குளம் கோயில் கொடைக்கு டோர்னமென்ட். வருசா வருசம் நடக்கதுதான். சாயங்காலம் நாலு மணிக்கு ஃபைனல். கீழப்பாறைக்குளம் டீமுக்கு உச்சிமாகாளின்னு ஒரு பய கேப்டன். இருவத்திமூணு வயசு இருக்கும். ரெய்டு போனான்னா பாம்பு மாதிரி, பிடிச்சவன் கையில சட்டைதான் மிஞ்சும். அன்னைக்கு அவன் ஆட்டத்தைப் பாக்கதுக்குன்னே ஒரு பெரிய டீம் கோச் வந்து முத வரிசையில உக்காந்திருந்தாரு. நல்லா ஆடினா வேலையோட கூட்டிட்டுப் போயிருவாரு. அது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

விசில் ஊத அஞ்சு நிமிசம் இருக்கும்போது சங்கத்து செகரட்டரி ஓடியாறான். "சார், பெரிய ஆளெல்லாம் வந்திருக்காங்க, இந்த எலி கடிச்ச அட்டையைக் காட்டி மானத்தை வாங்காதிய"ன்னு சொல்லி என் பழைய அட்டையைப் பிடுங்கிட்டு, புது செட்டை என் பாக்கெட்டுல திணிச்சிட்டான். எலிக்கு நேரமே கொடுக்கல அண்ணாச்சி. அதான் எல்லாத்துக்கும் காரணம். இல்லாட்டி இன்னைக்கு நான் எதுக்கு இந்தப் பஸ்ஸுல உக்காந்து உங்க உசுரை வாங்குதேன்?

ஏழாவது நிமிசம். உச்சிமாகாளி காலு கோட்டைத் தாண்டிட்டு. அவுட்டு. அவன், "தொடல சார், நல்லாப் பாருங்க சார்"ங்கான். ஒரு தடவை சொன்னான், விட்டேன். ரெண்டு தடவை சொன்னான், விட்டேன். மூணாவது தடவை சொன்னதும் பச்சையை எடுத்து நீட்டினேன். வாயை மூடுடான்னு ஒரு எச்சரிக்கை, அம்புட்டுதான். கிரவுண்டே அப்படியே நின்னு போச்சு. மேளக்காரன் தூக்கின கையை இறக்கல. ஐஸ் விக்கவன் மணி அடிக்கல. உச்சிமாகாளி என் கையைப் பாக்கான், மூஞ்சியைப் பாக்கான்.

"சார், எதுக்கு சார் சிவப்பு?"

"ஏ மூதி, பச்சைடா இது. போய் ஆடு"ன்னேன்.

"சிவப்பைக் கையில வச்சுக்கிட்டு பச்சைங்கீங்களே சார், எங்களைப் பாத்தா கேனையனுவளாத் தெரியுதா?"ங்கான்.

எனக்கு வந்துட்டு கோவம். இது பச்சைதான், பச்சைதான்னு அட்டையைத் தலைக்கு மேல தூக்கி நாலு பக்கமும் சுத்திக் காட்டினேன். மூவாயிரம் பேரு 'சிவப்பு'ன்னு கத்துதானுவ. எங்கூட நின்ன அம்பயர் பக்கத்துல வந்து காதுக்குள்ள, "அண்ணே, சிவப்புதான்ணே, மாத்தி எடுத்துட்டேன்னு சொல்லிருங்க, முடிஞ்சுது"ன்னான். அந்த நேரத்துல அந்த ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்ப சொல்லுதேன்லா, சொல்லியிருக்கலாம். அப்ப வாய் வரல. எம்மவ வேற கூட்டத்துல நிக்கா. அவகிட்டப் போயி, "ஏட்டி, நீ சொல்லு, இது என்ன கலரு?"ன்னு கேட்டேன். அவளும் உத்துப் பாத்துட்டு, "பச்சை மாதிரிதான்ப்பா இருக்கு"ன்னா. போதாதா எனக்கு? உலகமே எதுத்து நின்னாலும் எம்மவ என் பக்கம்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

நாற்காலி பறந்துச்சு. ஸ்கோரர் சிவப்புன்னு எழுதிட்டான். காட்டினது காட்டினதுதான், உச்சிமாகாளி வெளியே. கீழப்பாறைக்குளம் ரெண்டு பாயின்ட்ல தோத்துது. அந்த கோச் பாதி ஆட்டத்துலயே எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் வீட்டுக்கு வந்து ரிப்போர்ட் எழுதினேன். பச்சையைச் சிவப்புன்னு சொல்லி ஊரைத் தூண்டிவிட்டுக் கலவரம் பண்ணினான்னு, அழகா ரெண்டு பக்கம். சங்கத்துக்காரனுவ ரெண்டு பக்கமும் அடிபடாம ஒரு தீர்ப்புச் சொன்னானுவ. என் ரிப்போர்ட்டை நம்பி உச்சிமாகாளிக்கு ஒரு வருசம் ஆடத் தடை. ஸ்கோரர் சொன்னதை நம்பி எனக்கு, கண் சர்டிபிகேட் கொண்டு வாற வரைக்கும் விசிலைத் தொடக் கூடாது. எப்படி இருக்கு? ஒரே அட்டை, அவனுக்கும் நியாயம் எனக்கும் நியாயம்.

எனக்குக் கண் சர்டிபிகேட்! நாலு பேரு கட்டிப் புரளும்போது எவன் கட்டை விரல் நகம் கோட்டுல பட்டுச்சுன்னு சொல்லுத கண்ணு இது. தூரப் பார்வை, கிட்டப் பார்வை எல்லாம் பிரமாதம். பிரச்சினை என்னன்னா கலருக்குன்னு தனியா ஒரு புஸ்தகம் வச்சிருக்கானுவ. பாத்திருக்கீங்களா? ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு வட்டம். அதுக்குள்ள கேப்பையைக் கொட்டினாப்ல புள்ளி புள்ளியா. அந்தப் புள்ளிக்குள்ள ஒரு நம்பரை ஒளிச்சு வச்சிருக்கான். அதைச் சொல்லணும். என்னத்துக்கு ஒளிச்சு வைக்கணும்? நம்பரைக் கேக்கணும்னா பளிச்சுன்னு எழுதிக் கேக்கதுக்கு என்ன கேடு?

நான் ஒரு காரியம் பண்ணினேன். அந்தப் புஸ்தகத்தை போன்ல இறக்கி, எங்க வீட்ல காட்டி, "ஸ்கூல்ல கண்காட்சி வைக்கோம், இதுல என்னென்ன நம்பர்னு சொல்லு"ன்னேன். எங்க வீட்ல பேரு சண்முகக்கனி. என் சொந்த அக்கா மக. எங்க பக்கம் அக்கா மகளைக் கட்டுத வழக்கம் உண்டுல்லா. அவ ஒவ்வொண்ணாச் சொன்னா. முத பக்கம் பன்னிரண்டு, ரெண்டாவது எட்டு, மூணாவது ஆறு, நாலாவது இருவத்தொம்பது, அஞ்சாவது அம்பத்தேழு. அந்தப் பன்னிரண்டு மட்டும்தான் எனக்கும் பன்னிரண்டா இருந்துச்சு. மத்ததுல நான் ஒண்ணு பாக்கேன், அவ ஒண்ணு சொல்லுதா. அவளுக்குப் பார்வை கோளாறுன்னு நினைச்சேன். பாவம்னு ஒண்ணும் சொல்லல. அவளும் என்னை ஒரு பார்வை பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

தெனமும் விடியக்காலம் கிரவுண்டைச் சுத்தி நடக்கும்போது மனப்பாடம் பண்ணினேன். பன்னிரண்டு எட்டு ஆறு இருவத்தொம்பது அம்பத்தேழு, அஞ்சு மூணு பதினஞ்சு எழுவத்திநாலு. பி.டி. சாரு மந்திரம் ஓதுதாருன்னு பிள்ளையெல்லாம் பேசிக்கிடுச்சாம். இது ஏமாத்து இல்ல அண்ணாச்சி. எந்தப் பரிச்சைக்குத்தான் படிக்காமப் போறோம்? ஒரு மாசத்துல புஸ்தகம் பூரா நாக்கு நுனியில. தூக்கத்துல எழுப்பிப் பதினோராம் பக்கம்னு கேட்டாலும் ஆறும்பேன்.

சர்டிபிகேட்டுக்கு நான் கிளம்பதுக்குள்ள எம்மவளுக்கு ரயில்வே ஆர்டர் வந்துட்டு. விளையாட்டுக் கோட்டாவுல. ஊரே வந்து கை குடுத்துட்டுப் போச்சு. வேலை என்னன்னா பாயிண்ட்ஸ்மேன். பாயிண்ட்ஸ்மேன்னா தண்டவாளத்தை மாத்தி விடுத வேலை, கொடி காட்டுத வேலை. என்னென்ன கொடின்னு கேளுங்க. பச்சையும் சிவப்பும்! உலகத்துல வேற கலரே கிடைக்கல பாருங்க அவனுவளுக்கு.

மெடிக்கலுக்குப் போனா. அதே புள்ளிப் புஸ்தகம். அப்புறம் இருட்டு ரூம்ல ஒரு லாந்தர் பெட்டி, அதுல சின்னச் சின்ன லைட்டு போட்டுப் போட்டு என்ன கலர், என்ன கலர்னு கேட்டிருக்காங்க. ரெண்டுலயும் அவுட்டு. சாயங்காலம் போன் பண்ணி, "எனக்குக் கலர் தெரியலையாம்ப்பா"ங்கா. குரலே இல்ல. ஆனா நான் என்ன பண்ணினேன் தெரியுமா? நேரா அடுப்படிக்குப் போயி, "பாத்தியா உங்க வம்சத்து லட்சணத்தை!"ன்னு எங்க வீட்டுக்காரிகிட்டக் கத்தினேன்.

அவ தோசையைத் திருப்பிப் போட்டுட்டு நிதானமாக் கேக்கா, "எங்க வம்சம்னா எது மாமா? எங்கம்மா உங்க அக்காதானே?"

"அம்மா இல்லட்டி, உங்கப்பன் வம்சம்!"

"எங்கப்பா தையல்காரரு. பிளவுஸ் துணியைப் பாத்த மாத்திரத்துல நூல் எடுப்பாரு. அவருக்கா கலர் தெரியாது?"

வீட்டுல பேசித் தோத்தா நான் வழக்கமா வெளிய போயி பைக்கைத் துடைப்பேன். துடைச்சேன்.

பிறகுதான் ஆவுடை விவரத்தைச் சொன்னா. டாக்டரம்மா அவளை நம்பலையாம். பொம்பளைப் பிள்ளையளுக்கு இந்தக் குறை வாறது ரொம்ப ரொம்ப அபூர்வமாம். சில பிள்ளைய, வெயில்ல கொடி பிடிச்சு நிக்கணுமேன்னு பயந்து, ஆபீஸ் வேலை கிடைக்கும்னு கலர் தெரியாத மாதிரி நடிக்குமாம். குறை நிசம்னா ஆபீஸ் வேலைக்கு மாத்தி எழுதலாமாம். நடிப்புன்னு எழுதிட்டா வேலையே போச்சு. "உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா"ன்னு அந்தம்மா சொல்லி விட்டிருக்கு. அப்பனைப் பாத்தா மகளைத் தெரிஞ்சு போகுமாம்.

இன்னைக்குக் காலையில மதுரை ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் புது வெள்ளைச் சட்டை, பாக்கெட்டுல விசிலும் அட்டையும். என்னத்துக்கு விசிலுன்னு கேக்காதீங்க, ஒரு தைரியத்துக்கு. அந்தம்மா நல்ல மாதிரிதான். மூக்குக் கண்ணாடியைக் கயித்துல கட்டி மாலை மாதிரி தொங்க விட்டிருந்துச்சு.

"சார், பொண்ணுக்கு இது வரணும்னா அம்மா வழியாவும் வரணும், அப்பா வழியாவும் வரணும். அப்பாவுக்குக் கலர் நல்லாத் தெரியும்னா மகளுக்கு இந்தக் குறை இருக்கவே முடியாது. உங்களுக்கு எப்படி?"

"எனக்கா? நான் இருவத்திரண்டு வருசமா ரெஃப்ரிம்மா"ன்னேன்.

"நான் அதைக் கேக்கல சார். உக்காருங்க"ன்னுட்டு, அந்தப் புஸ்தகத்தை எடுத்து முன்னால வச்சுது.

கேட்டீங்களா கூத்தை? ஒரு மாசமா எந்தப் புஸ்தகத்துக்கு உசுரைக் குடுத்துப் படிச்சேனோ அதே புஸ்தகம். அதே வரிசை. முத பக்கம் பன்னிரண்டுன்னேன். சரின்னுது. ரெண்டாவது பக்கத்தைத் திருப்புது. என் வாயில எட்டு ரெடியா வந்து நிக்கி. எட்டுன்னு சொன்னா என் மானம் தப்பிச்சுது, சர்டிபிகேட் கையில, விசில் வாயில. எம்மவ பொய்க்காரி.

திரும்பிப் பாத்தேன். அவ சுவத்துல சாஞ்சு நிக்கா. கையைப் பின்னால கட்டிக்கிட்டு, கீழ் உதட்டைக் கடிச்சுக்கிட்டு. டீம்ல எல்லாரும் அவுட் ஆகி அவ ஒருத்தி மட்டும் கோட்டுக்குள்ள நிப்பா பாருங்க, அப்ப அப்படித்தான் நிப்பா. நான் மனப்பாடம் பண்ணின கதை அவளுக்குத் தெரியும். வீட்டுல தெரியாதவங்க யாரு இருக்கா? ஆனாலும் வாயைத் திறந்து, 'அப்பா தோத்துருங்கப்பா'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. பஸ்ஸுல வரும்போதும் கேக்கல. கேட்டிருந்தா ரெண்டு சத்தம் போட்டிருப்பேன். கேக்காததுதான் என்னைக் கொன்னுட்டு.

"மூணு"ன்னேன்.

மூணாவது பக்கம் அஞ்சுன்னேன். நாலாவது பக்கம். இருவத்தொம்பது, இருவத்தொம்பதுன்னு நாக்கு துடிக்கி. கண்ணைத் திறந்து புள்ளியைப் பாத்தேன். நிசமாவே பாத்தேன் அண்ணாச்சி, இன்னைக்குத்தான் மொத மொத நிசமாப் பாத்தது. எழுவது. தெளிவா, எழுவது. "எழுவது"ன்னேன். அஞ்சாவது முப்பத்தஞ்சு. ஒம்பதாவது இருவத்தொண்ணு. அந்தம்மா எழுதிக்கிட்டே வந்துட்டு, ஃபைலுக்குள்ள இருந்து எம்மவ சொன்ன தாளை எடுத்துப் பக்கத்துல வச்சுது. மூணு, அஞ்சு, எழுவது, முப்பத்தஞ்சு, இருவத்தொண்ணு. வரிக்கு வரி ஒண்ணு போல.

"நடிக்கிறவங்க எதையாவது வாய்க்கு வந்ததைச் சொல்லுவாங்க சார். இந்தக் குறை நிஜமா இருக்கிறவங்க கண்ணுக்குத்தான் இந்த எழுபது தெரியும்"னுது.

நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க, நான் வேணும்னேதான் தோத்தேன். மனப்பாடத்தை ஒப்பிச்சிருந்தா நூத்துக்கு நூறு. என்ன, தோக்கதுக்கு நான் ஒண்ணும் மெனக்கெட வேண்டியிருக்கல, உள்ளதைச் சொன்னாப் போதும்னு இருந்துச்சு. அது வேற விசயம்.

அப்புறம் அந்தம்மா ஒரு தாள்ல வட்டமும் கோடுமாப் போட்டு, யார் வழியா வந்துதுன்னு கண்டுபிடிக்க ஆரம்பிச்சுது. "உங்க மனைவி யாரு? சொந்தமா?"ன்னு கேட்டுது. அக்கா மகள்னேன். பேனா அப்படியே நின்னுட்டு. என் தலையில இருந்து மேல ஒரு கோடு. எங்க வீட்டுக்காரி தலையில இருந்து எங்க அக்காவுக்கு ஒரு கோடு, அங்கேயிருந்து மேல ஒரு கோடு. ரெண்டும் போயி எங்கம்மா தலையில முட்டுது. நான் எந்த வம்சத்தைத் திட்டினேனோ அந்த வம்சம் நான்தான். எங்கம்மா செத்துப் பதினஞ்சு வருசம் ஆச்சு, யாரைப் போய்க் கேக்க?

ஆபீஸ் வேலைக்கு எழுதிட்டாங்க. ஆவுடைக்கு வேலை தப்பிச்சுது அண்ணாச்சி, அது போதும். எனக்கும் ஒரு தாள் குடுத்தாங்க. கபடிச் சங்கத்துக்காரனுவ கேட்ட கண் சர்டிபிகேட். பிறவியிலயே பச்சை, சிவப்பு பிரிச்சுத் தெரியாதுன்னு, ரவுண்டு சீல் போட்டு. இந்தா பையில இருக்கு.

வெளிய வந்து டீ குடிக்கும்போது எம்மவ கேக்கா, "நாலாவது பக்கம் உங்களுக்கு எழுவதாப்பா?" ஆமாட்டின்னேன். "எனக்கும் எழுவதுப்பா"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கா, கண்ணுல தண்ணி. சின்னப் பிள்ளையில அவ படம் வரைஞ்சு இலைக்குக் கலர் அடிச்சப்ப, இலை என்ன காவி கலர்லயா இருக்கும்னு டீச்சர் அடிச்சிட்டா. நான் ஸ்கூலுக்கே போயி, "எலை சரியாத்தானே இருக்கு, உங்களுக்குக் கண்ணு தெரியாதா?"ன்னு டீச்சர்கிட்ட சண்டை போட்டேன். அதை ஞாபகப்படுத்துதா. "நீங்க ஒருத்தருதான்ப்பா சரியா இருக்குன்னு சொன்னீங்க"ங்கா.

வீட்டுக்குப் போன் போட்டேன். "கனி, எனக்குத்தான்ட்டி குறை. பிள்ளைக்கு வேலை உண்டு"ன்னேன். "தெரியும் மாமா"ங்கா. எப்படின்னு கேட்டேன். கல்யாணமான புதுசுல, கொல்லையில மிளகாய்ப்பழம் பறிச்சிட்டு வாங்கன்னு அனுப்பினாளாம். ஒரு கூடை பச்சை மிளகாயைப் பறிச்சுக் கொண்டாந்து வச்சேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. "பழம் ஒண்ணு கூட இல்லாம எப்படிப் பறிச்சாருன்னு அன்னைக்கே யோசிச்சேன்"ங்கா.

"அப்ப அந்த எலி?"ன்னேன்.

"நம்ம வீட்டுல எங்க மாமா எலி இருக்கு?"ங்கா.

இத்தனை வருசமா, நான் குளிக்கப் போற நேரம் பாத்து, தையல்காரர் மக, கத்திரியை எடுத்து அந்த மூலையை வெட்டி வச்சிருக்கா. ஏன்ட்டி சொல்லலன்னு கத்தினேன். ரோட்டுல போறவன்லாம் திரும்பிப் பாக்கான். "சொன்னா விசிலை விட்டுருவீங்க. விசில் இல்லாட்டி உங்களை யாரு வச்சுப் பொழைக்கது?"ங்கா. அவ்வளவுதான். போனை வச்சிட்டா. நான் ஆஸ்பத்திரிச் சுவரைப் பாத்து நின்னு அழுதேன். வெக்கம் என்ன, அழுதேன்.

சரி, உச்சிமாகாளி என்ன ஆனான்னு நீங்க கேக்கல. கேக்கணும். லோடு ஆட்டோ ஓட்டுதான் அண்ணாச்சி. அந்த கோச் திரும்பி வரவே இல்ல. கிரவுண்டுப் பக்கம் காலு வைக்கக் கூடாதுன்னு தடை வேற. அந்தத் தடை எதுல நிக்குது? என் ரெண்டு பக்க ரிப்போர்ட்டுல நிக்குது. நான் இந்த சர்டிபிகேட்டைக் கொண்டு போய்க் குடுத்து, நான் காட்டினது சிவப்புதான், அந்தப் பய சொன்னது நிசம்தான்னு எழுதிக் குடுத்தா அவன் நாளைக்கே இறங்கி ஆடலாம். என் விசில் அதோட போச்சு. போகட்டும். சங்கத்துக்கு நாளைக்குப் போவேன். இன்னைக்கு மொதல்ல அவனைப் பாக்கணும்.

அடுத்த ஸ்டாப் கீழப்பாறைக்குளம் விலக்கு. அங்கனதான் இறங்குதோம். எம்மவ சொன்னா, "வேணாம்ப்பா, அடிச்சிருவான்"னு. அடிக்கட்டும். அவன் கையில சிவப்பு அட்டையைக் குடுத்து, இதை எனக்குக் காட்டுடேன்னு நிக்கப் போறேன். ஊருக்கு நடுவுல, டீக்கடைக்கு முன்னால. அவன் எனக்கு சிவப்பு காட்டணும், நான் வெளியே போகணும். அதான் முறை.

இப்ப அந்த உதவியைக் கேக்கேன். மதுரையில இருந்து கேக்கணும் கேக்கணும்னுதான் இந்தக் கதை பூராச் சொன்னேன். இந்தாங்க, ரெண்டையும் கையில பிடிங்க. அன்னைக்கு கிரவுண்டுல குடுத்தானே, அந்தப் புது செட்டு. மஞ்சளைப் பையில போட்டுட்டேன். இதுல சிவப்பு எது? எம்மவகிட்டக் கேட்டுப் பாத்துட்டேன். ரெண்டையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. அவளுக்கும் தெரியல. அவன் முன்னால போயி நின்னு, மறுபடியும் மாத்திப் பச்சையை நீட்டி சிவப்புன்னு சொன்னா, அந்தப் பய என்னைக் கொன்னு போட்டாலும் தப்பில்ல.

வலது கையில இருக்கதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி, விளையாடாதீங்க. இதுதானே? சத்தியமா? சரி, குடுங்க. உங்ககிட்ட கத்திரி ஏதாவது இருக்கா? பிளேடு? இல்லையா. விடுங்க, பல்லு இருக்கு.

ம்... கெட்டி அட்டை. ம்... ஆங். வந்துட்டு. தொட்டுப் பாருங்க, வலது மூலைதானே? எலி கடிச்சாச்சு.

ஏட்டி ஆவுடை! எந்திரி, விலக்கு வந்துட்டு.